முகாம் கட்டத்தில் பூஜ்யம்

மதிய மெஸ்ஸில் டிலோஜினிக்கு இடது பக்கம் யார் உட்காருவது என்று அன்றைக்கும் ஒரு தகராறு.

"நேத்து நீ உக்காந்தல்ல? இன்னைக்கு நான்."

"நேத்து அவங்க பத்து நிமிஷத்துல எழுந்து போயிட்டாங்க. அது ஒரு கணக்கா?"

அந்த 'அவங்க', மூன்றாம் ஆண்டு புள்ளியியல் மாணவி, குனிந்து முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் உயரமானவன் ஜெயித்தான். நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டில் இருந்த கறுப்பு வளை அவள் பக்கம் வரும்படி கையை மேசைமேல் வைத்தான். பிறகு மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைப் போலக் கேட்டான்.

"அக்கா, முகாம்ல வாழ்க்கை எப்படி இருக்கும்?"

"வீடு இருக்கும். வீட்டுக்குள்ள டிவி இருக்கும். டிவியில சீரியல் ஓடும்."

"இல்லக்கா, உங்க வலியைச் சொல்லுங்க."

"கழுத்துதான் வலிக்குது. ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினதுல."

எதிரில் இருந்த மெய்யம்மை சிரிப்பை மறைக்க மோரைக் குடித்தாள். தேவகோட்டைக்காரி, டிலோஜினியின் அறைத்தோழி. தன் புள்ளிகளில் முக்கால்வாசி இவளால் வந்தது என்பதை ஒருநாளும் மறைக்காதவள்.

"தம்பி, முதல் வருஷமா? கேள்வி கேட்டா மட்டும் போதாது. அவளும் பேசணும், நீயும் பேசணும். ஒருத்தரே பேசினா வளை பாதிதான் எடுத்துக்கும்."

"ஒரு மணி நேரத்துக்கு ஆறு புள்ளியாமே அக்கா?"

"ஆறரை. நாகாலாந்துப் பையனுக்கே நாலுதான். பொறந்த இடம், வீட்டுப் பேச்சு, அப்பா அம்மா படிப்பு, இதுல எல்லாம் உன்னை மாதிரியே இருக்கிற ஆளோட நாள் பூரா பேசினாலும் பூஜ்யம். எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு புள்ளி. எவ்வளவு அபூர்வமோ அதுக்கும் மேல. இந்த கேம்பஸ்லயே அபூர்வமான பொருள் இவதான்."

"ஆள்," என்றாள் டிலோஜினி.

"என்னது?"

"பொருள் இல்ல. ஆள்."

நொய்யல் பல்கலைக்கழகத்தில் 'சமபந்தி' திட்டம் நல்ல எண்ணத்தில்தான் வந்தது. அதற்கு முன்பு விடுதிகள் மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து கிடந்தன. வெளியூர்ப் பெண் ஒருத்தி நான்கு மாதம் தனியாகவே சாப்பிட்டு, ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போனது யாருக்கும் ஒரு வாரம் தெரியவில்லை. அதன் பிறகுதான் வரிசையில் நின்று தட்டு வாங்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். எல்லோரும் நீள மேசைகளில் அமர, மெஸ் அண்ணன்மார் பரிமாறினார்கள். ஆளுக்கு ஒரு வளை. யார் யாரோடு எத்தனை நிமிடம் பேசினார்கள் என்பதை வளை எழுதிக்கொண்டது. புள்ளி குறைந்தால் கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது.

டிலோஜினியின் வீட்டார் மூன்று தலைமுறைக்கு முன் தலைமன்னாரில் படகேறி வந்தவர்கள். குடியுரிமை கிடைத்துப் பதினொரு வருடம் ஆகிவிட்டது. அவர்கள் இருந்த அகதி முகாமுக்கு 'மல்லிகை நகர்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். சேர்க்கைப் படிவத்தில் மட்டும் 'முகாம்' என்ற கட்டம் அப்படியே இருந்தது. அவள் மறைக்கவில்லை, டிக் போட்டாள். பிரிவை வெளியிடச் சம்மதம் என்ற தாளிலும் எல்லோரையும் போலக் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவள் ஒருநாள்கூடத் தனியாகச் சாப்பிட்டதில்லை. யாரோடும் சேர்ந்து சாப்பிட்டதாகவும் தோன்றியதில்லை.

ஒரே ஒருவன் விதிவிலக்கு.

கவின் சிவில் படித்தான். கோபிப் பக்கம் ஊர். பல்கலைக்கழக கிரிக்கெட் அணியில் விக்கெட் கீப்பர். நான்கு மணிக்கு கேன்டீன் பின்புறப் பெஞ்சில் இருவரும் டீ குடிப்பார்கள். இரண்டரை வருடமாக இதுதான் வழக்கம். முகாமைப் பற்றி அவன் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவனோடு இருக்கும்போது அவள் நாக்கு அவ்வப்போது தானாக வீட்டுக்குப் போய்விடும். 'கதைக்கிறன்' என்பாள், பிறகு பார்க்கலாம் என்பதற்கு 'பேந்து பாப்பம்' என்பாள், ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்பாள். அவன் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கேட்க மாட்டான்.

"ஏனுங்க அம்மணி, டீ ஆறுதுங்க," என்பான்.

இருவரும் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவன் மேட்சுக்கு வெளியூர் போகும் நாட்களில் அவள் நான்கு மணி டீயைக் குடிப்பதில்லை. இது மெய்யம்மைக்குத் தெரியும்.

அந்த மெய்யம்மைதான் ஒரு புதன்கிழமை மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"டிலோ, புள்ளி போர்டுல உன் கவின் பேரு வந்திருக்குடி. 'ஒதுக்கல்'னு போட்டிருக்கு. முகாம் கட்டத்துல பூஜ்யமாம். ஒரு நிமிஷம்கூட இல்லையாம்."

"யாரு சொன்னது? தினமும் என்னோடதானே டீ குடிக்கிறான்."

"எனக்குத் தெரியும். வளைக்குத் தெரியலையே. வெள்ளிக்கிழமை கமிட்டி. தப்புன்னு முடிவானா ஹாஸ்டல் காலி பண்ணணும், இன்டர்வியூ கிடையாது. இப்பவே பசங்க, முகாம்காரங்கன்னா அவனுக்கு ஆகாதாம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

டிலோஜினி நேராக ரெஜினா மேடத்தின் அறைக்குப் போனாள். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அவர்தான். ஒவ்வொரு மாணவனின் பெயரையும் நினைவில் வைத்திருப்பவர். அவரைத் திட்ட முடியாது என்பதுதான் டிலோஜினிக்கு எப்போதும் எரிச்சல்.

"கவினோட வளை கெட்டுப்போயிருக்கலாம் மேடம்."

"சோதிச்சாச்சும்மா. மத்த பதினேழு கட்டத்துலயும் நிறைய மணி நேரம் இருக்கு. முகாம் மட்டும் பூஜ்யம். ஐந்தாவது செமஸ்டர் முடியும்போது எந்தக் கட்டத்துலயும் பூஜ்யம் இருக்கக் கூடாது, அதான் விதி. உன் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்னு எனக்குப் புரியுது."

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல மேடம்." பிறகு, வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு கேட்டாள். "ஒருத்தரோட பேசியும் பதிவாகாம இருக்குமா?"

"வளையைக் கழட்டி வச்சுட்டுப் பேசினா பதிவாகாது. ஆனா கழட்டினா நேரா டிசிதான். இல்லைன்னா..." அதற்குள் மேசையில் போன் அடித்தது. மேடம் கையைக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

படியிறங்கும்போது டிலோஜினிக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கவின் டீ குடிக்கும்போது இடது கையை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில்தான் வைத்திருப்பான். வளை அங்கே இருந்ததா, இல்லையா, அவள் பார்த்ததே இல்லை. இந்தக் கேம்பஸே அவளைச் சுரண்டித் தின்றபோது, ஒருவன் மட்டும் அவளிடமிருந்து ஒரு புள்ளிகூட எடுக்கக் கூடாது என்று வளையைக் கழட்டி வைத்திருக்கிறான். அவளுக்கு அழுகை வந்தது. அவளுக்குப் பிடித்த அழுகை.

மைதானத்து ஓரத்தில் அவன் கால்பேடைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்காகக் கழட்டினியா?" என்றாள்.

"எதை?"

"வளையை."

அவன் வார்ப்பட்டையை இழுத்துக் கட்டி முடித்தான். "அப்படியே வச்சுக்கயேன்."

"அப்ப நான் கமிட்டியில சொல்றேன். நான்தான் கழட்டச் சொன்னேன்னு. டிசி குடுத்தா ரெண்டு பேருக்கும் குடுக்கட்டும்."

"வேணாம் டிலோ."

"ஏன் வேணாம்? முகாம்னா உனக்கு ஆகாதுன்னு ஊரே பேசுது. கேட்டுக்கிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"பேசட்டும்."

"உனக்கு வலிக்கலையா? எனக்கு வலிக்குது. நான் வெள்ளிக்கிழமை போய்..."

அவன் சட்டென்று எழுந்தான்.

"நீ அங்க போய் ஒண்டும் கதைக்க வேண்டாம். என்னை விடு. நான் வெளிக்கிடுறன்."

சொன்ன பிறகுதான் தன் குரலே அவனுக்குக் கேட்டது போலிருந்தது. கையுறையை எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றான்.

'கிளம்பு' என்பதற்கு 'வெளிக்கிடு' என்ற சொல்லை அவளிடமிருந்து கற்றிருக்கலாம். 'ஒண்ணும்' என்று வளர்ந்த வாயில், கோபத்தில் 'ஒண்டும்' வராது. 'கிடுறேன்' என்பது 'கிடுறன்' என்று முடியாது. அதைக் கற்க முடியாது. அதோடு பிறக்க வேண்டும்.

"உன் ஊர் கோபி இல்ல," என்றாள்.

"கோபிப் பக்கம்தான்." பழக்கத்தில் சொன்னான். பிறகு புல்லில் உட்கார்ந்தான். "அணைக்கட்டுக்குப் பக்கத்துல. நூத்தி நாப்பது வீடு."

"வளை?"

"ஒருநாளும் கழட்டலை. நம்ம ரெண்டு பேருக்கும் எல்லாமே ஒண்ணு. ஒரே பிரிவுக்குள்ள எவ்வளவு பேசினாலும் பூஜ்யம்தான."

"என் தாளிலயும் அந்தக் கட்டத்துல பூஜ்யம்தான் வரணும். எனக்கு வரலையே."

"நீ சம்மதத் தாள்ல கையெழுத்துப் போட்ட. உன் சொந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடிச்சுட்டாங்க. நான் போடலை. கோடு போட்டா நான் யாருன்னு தெரிஞ்சுடுமில்ல, அதனால மறைவா அப்படியே விட்டுட்டாங்க. இப்பக்கூட ஒரு கையெழுத்துப் போட்டா கேஸ் முடிஞ்சுடும்."

"அப்ப போடு."

"மாட்டேன்."

அவளுக்கு எதை முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. "பனங்கிழங்கு மாவுல ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுறதுன்னு உனக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அப்படிங்களா அப்படிங்களான்னு கேட்டுக்கிட்டு இருந்த."

"நல்லாத்தான் விளக்கின. புளியை மட்டும் முதல்லயே விட்டுட்ட. அது கடைசியில விடணும்."

கையிலிருந்த நோட்டால் அவன் தோளில் அடித்தாள். விளையாட்டாக இல்லை.

"எட்டாவது வரைக்கும் நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றான். "எந்த விழா வந்தாலும் என்னை மேடையில ஏத்திப் பேசச் சொல்லுவாங்க. நான் அழுதா கைதட்டுவாங்க. எனக்கு பேட்டிங் வரும்னு அந்த ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாது. இங்க நான் விக்கெட் கீப்பர். கேட்ச் விட்டா வாயில வந்தபடி திட்டுறாங்க. உன்னை இங்க யாராவது திட்டியிருக்காங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். இரண்டரை வருடத்தில் யாரும் அவளைத் திட்டியதில்லை. வகுப்புக்குத் தாமதமாகப் போனால்கூட.

"முகாம்காரன்னு சொல்றதைவிட, முகாம்காரங்களைப் பிடிக்காதவன்னு பேர் வாங்கறது உனக்குப் பரவாயில்ல. அப்படித்தானே?"

"கேக்க அசிங்கமாத்தான் இருக்கு," என்றான் கவின். "ஆனா ஆமா."

இரண்டு நாள் அவள் அவனோடு பேசவில்லை. யாரோடுமே பேசவில்லை. இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் புள்ளி பாதிதான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் மூன்று பேர். நடுவில் ரெஜினா மேடம். டிலோஜினியை 'பாதிக்கப்பட்டவர்' என்ற அட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். எதிரில் கவின், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

"பயப்படாமச் சொல்லும்மா. இவர் உன்னோட உக்காந்து பேசியிருக்காரா?"

பேசியிருக்கிறான் என்றால் வளையைக் கழட்டினானா என்று கேட்பார்கள். கழட்டவில்லை என்றால் ஒரே பிரிவு என்பது வெளியே வந்துவிடும். பேசியதில்லை என்றால் அவன் இன்றே அறையைக் காலி செய்ய வேண்டும். புள்ளியியல் படித்தவளுக்கு இந்த மூன்றுக்கு மேல் வழி தெரியவில்லை. கடைசியில் படிப்பு தராத நான்காவது ஒன்று வாயில் வந்தது.

"அவர் வந்தார் மேடம். நான்தான் கிட்ட விடலை."

"என்னது?"

"எனக்கு அவரைப் பிடிக்கலை. பக்கத்துல வந்தப்ப எல்லாம் எழுந்து போயிட்டேன்."

கவின் தலை நிமிர்ந்தது. ரெஜினா மேடத்தின் முகம் வாடிவிட்டது. தன் கையால் வளர்த்த செடியில் புழுவைப் பார்த்தவர் போல இருந்தார்.

"நீயாம்மா? உன்னை வச்சுத்தானே நான் வெளியூர்ல எல்லாம் இந்தத் திட்டத்தைப் பத்திப் பேசறேன்."

"தெரியும் மேடம். போஸ்டர்ல என் படம்கூட இருக்கு."

தீர்ப்பு பத்து நிமிடத்தில் வந்தது. கவின்மேல் தவறில்லை. டிலோஜினி, தான் ஒதுக்கிய மாணவரோடு தினமும் ஒரு மணி நேரம் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். அவள் கணக்கில் பன்னிரண்டு மணி நேரம் பதிவாகும்வரை கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் அவள் பெயர் வராது.

"பன்னிரண்டு நாள்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்," என்றார் மேடம் ஆறுதலாக.

ஓடவில்லை. மெஸ்ஸின் நடுவில் இருவருக்கென்று ஒரு மேசை போட்டார்கள். முதல் வாரம் அவள் வாயையே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் உப்பைக் கேட்டாள். மூன்றாவது வாரம் திட்டத் தொடங்கினாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். சனிக்கிழமைதோறும் ரெஜினா மேடம் திரையைப் பார்த்துவிட்டு வருவார்.

"இன்னும் பூஜ்யமாவே இருக்கேம்மா. இன்னும் கொஞ்சம் மனசு விட்டுப் பேசுங்க."

"இதுக்கு மேல விட்டா மனசே இருக்காது மேடம்."

நான்காவது வாரம் கவின் சொன்னான். "திங்கக்கிழமை இன்டர்வியூ பட்டியலை மூடறாங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"எனக்காகன்னா போடாத."

"வேற யாருக்காகப் போடுறது?"

"அப்படிப் போட்டா காலம் பூரா நான் உன்கிட்ட நன்றியோட இருக்கணும். எனக்கு அதெல்லாம் வராது. உன்மேல எனக்கு இன்னும் கோபம் தீரலை."

"தீர வேணாம்," என்றான். "இந்த ரெண்டு வாரமா நீ திட்டுற மாதிரி என்னை யாரும் திட்டினதில்ல. ஒரு இடத்துலகூட நான் பாவம்னு விட்டுக்குடுக்கலை. யாருன்னு தெரிஞ்சும் திட்டுறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னா, கையெழுத்துப் போடலாம்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அவள் அப்பளத்தை உடைத்துப் பாதியை அவன் தட்டில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை அவன் கையெழுத்துப் போட்டான். பதினொரு மணிக்குப் போர்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'முகாம்' என்று வந்தது. இருவரும் ஒரே பிரிவு என்று தெரிந்ததால் டிலோஜினியின் தண்டனை ரத்தாகி, அவள் பெயர் இன்டர்வியூ பட்டியலில் ஏறியது. அவள் பொய் சொன்னதைப் பற்றி ரெஜினா மேடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியம் வழக்கமான மேசையில் அவள் முதலில் வந்து உட்கார்ந்தாள். கவின் தாமதமாக வந்தான்.

"டீம்ல என்ன சொன்னாங்க?"

"நம்ம டீம் எப்படி ரெண்டு வருஷமா புள்ளியில முதல் இடத்துல இருந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது மச்சின்னாங்க. அப்ப என்னை ஓப்பனிங் இறக்குங்கன்னேன். சிரிச்சாங்க." அவன் சிரிக்கவில்லை. "காலையில பிராக்டிஸ்ல ஒரு ஈஸி கேட்சை விட்டேன் டிலோ."

"திட்டினாங்களா?"

"பரவாயில்ல ப்ரோன்னாங்க. குடிக்கத் தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க."

அவள் ஏதாவது சொல்வதற்குள் ரெஜினா மேடம் வந்துவிட்டார். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்கார வேண்டாம். ஒரே பிரிவு ஒண்ணாச் சேர்ந்து தனிக் கூட்டமா ஆயிடக் கூடாதுன்னுதானே இந்தத் திட்டமே. டிலோஜினி அந்த ஜன்னல் பக்கம், கவின் இந்தப் பக்கம். பாருங்க, எவ்வளவு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க."

பார்த்தார்கள். ஜன்னல் பக்கத்து மேசையில் அந்த உயரமான முதலாண்டுக்காரன் நடு நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கத்து மேசையில் கிரிக்கெட் அணி முழுவதும் நகர்ந்து, கவினுக்கு இடம் விட்டிருந்தது. ஒருவன் நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டரை வருடத்தில் கவினுக்கு யாரும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம் மேடம்," என்றாள் டிலோஜினி.

"ஐயோ, சாப்பிடறவங்களை நடுவுல எழுப்புவாங்களா? நிதானமாச் சாப்பிடுங்க. கையைக் கழுவினதும் மாறிக்கலாம்." மேடம் ஓரமாக நின்றார்.

கவின் தட்டில் இரண்டு வாய்ச் சோறு இருந்தது. டிலோஜினி தட்டில் அதுவும் இல்லை. அவள் கையைத் தூக்கினாள்.

"அண்ணே, இங்க சோறு."

பரிமாறுகிற அண்ணன் வந்து ஒரு கரண்டி வைத்தார். ரசம் ஊற்றினார். அவள் ஒவ்வொரு பருக்கையாகப் பிசைந்தாள். ரசம் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டு மோருக்குச் சோறு வாங்கினாள். அடுத்த மேசைகள் காலியாகத் தொடங்கின. முதலாண்டுக்காரன் வளையைப் பார்த்துக்கொண்டான். மேடம் நின்று கால் வலித்து, ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இன்னும் ஒரு கரண்டி, அண்ணே," என்றாள் டிலோஜினி.

கவின் தன் தட்டை நகர்த்தி அவள் தட்டோடு ஒட்டி வைத்தான். பிறகு கடைசி மேசைவரை கேட்கும்படி, தன் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னான்.

"எனக்கும் போடுங்கோ அண்ணை. பசி ஒண்டும் அடங்கேல்ல."